முக்கால் இன்ச்சுக்கு இவ்ளோ அலப்பறையா?

கேள்வி: அண்ணா, மூணு வருஷமா ஸ்ட்ராட் மாடல் கிட்டார்தான் வாசிக்கிறேன். போன வாரம் ஃப்ரெண்டோட லெஸ் பால் மாடலை வாங்கி வாசிச்சா, அதே 10-46 ஸ்ட்ரிங் செட்டு (மெல்லிசு ஸ்ட்ரிங் 0.010 இன்ச், தடிச்சது 0.046), அதே ட்யூனிங், ஆனா பெண்ட் பண்றது, அதாவது ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டுல தள்ளி சுருதி ஏத்துறது, வெண்ணெய் மாதிரி இருக்கு, சவுண்டும் கொஞ்சம் குண்டா இருக்கு. எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுதா?
- வாசகர், மதுரை

பதில்: உங்க கை சரியாத்தான் சொல்லுது தம்பி. நட்டுல (கழுத்து முனையில ஸ்ட்ரிங் உக்காருற பள்ளம் வெட்டின துண்டு) இருந்து பிரிட்ஜ் (உடம்புப் பக்கம் ஸ்ட்ரிங் தாங்கி நிக்கிற இடம்) வரைக்கும் ஸ்ட்ரிங் அதிருற நீளம் இருக்கே, ஸ்கேல் லெங்த், அது ஃபெண்டர் ஸ்ட்ராட்ல 25.5 இன்ச், கிப்சன் லெஸ் பால்ல பேப்பர்ல 24.75 (அளந்து பார்த்தா பெரும்பாலும் 24.6 பக்கம்தான் நிக்கும், அது தனிக் கதை). முக்கால் இன்ச்சுன்னா வெறும் மூணு சதவீதம்தானேன்னு தோணும், ஆனா ஒரே நோட்டுக்கு ட்யூன் பண்ணும்போது இழுவிசை நீளத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால மூணு ஆறாயிடுது. மெல்லிசு ஈ ஸ்ட்ரிங்கை மட்டும் எடுத்துக்குங்க, ஸ்ட்ராட்ல சுமார் 7.3 கிலோ இழுவை, லெஸ் பால்ல 6.9. ஆறு ஸ்ட்ரிங்குக்கும் இதே கதைதான். அதுவும் போக நீளம் கம்மின்னா கொஞ்சம் தள்ளினாலே நோட்டு ஏறிடும். வெண்ணெய்னு நீங்க சொன்னது இதைத்தான். ஃப்ரெட்டுங்களும் (கழுத்துல குறுக்கே பதிச்ச கம்பிங்க) நெருங்கி வரும், முதல் ஃப்ரெட்டு மட்டும் ஒரு மில்லிமீட்டர் கிட்ட வந்துடும்.

ஆனா சவுண்டு குண்டா இருக்குறதுக்கு முழு மாலையையும் ஸ்கேல் லெங்த்துக்கே போட்டுடாதீங்க. ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் லெஸ் பால்ல ரெண்டு காயில் வச்ச ஹம்பக்கர், உங்ககிட்ட இருக்குறது சிங்கிள் காயில், அங்கேயே பெரிய வித்தியாசம் வந்துடுது. ஸ்கேல் மட்டும் என்ன பண்ணுதுன்னு கேக்கணும்னா உங்க ஸ்ட்ராட்டையே அரை ஸ்டெப் (ஒரு ஃப்ரெட் அளவு) கீழே ட்யூன் பண்ணிட்டு முதல் ஃப்ரெட்ல கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) போடுங்க. இப்போ கையில இருக்குறது சுமார் 24.07 இன்ச் கிட்டார், லெஸ் பாலை விடச் சின்னது, பிக்கப் அதேதான். வாசிச்சுப் பாருங்க, பெண்ட் லேசாகும், அந்த மேல்பக்க பளபளப்பும் கொஞ்சம் அடங்கும்.

அளக்கும்போது ஒண்ணு, நட்டுல இருந்து 12-வது ஃப்ரெட் வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்குங்க. நேரா பிரிட்ஜ் வரைக்கும் டேப்பை இழுத்தா தப்பா வரும், ஏன்னா சுருதி சரியா நிக்கணும்னு சேடிலை (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்காருற துண்டு) எல்லாம் கொஞ்சம் பின்னாடி தள்ளித்தான் வச்சிருப்பாங்க.

கேள்வி: என் விரல் தடிமன் சார். அக்கூஸ்டிக்ல எஃப் பார் கார்டு (ஒரே விரலால எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்குறது) பிடிச்சா கை வலிக்குது, பாதி ஸ்ட்ரிங் பேசவே மாட்டேங்குது. இப்ப 43 மில்லிமீட்டர் அகல நட்டு, 44.5 வாங்கினா சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. மாத்தலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அவசரப்பட்டு காசை எடுக்காதீங்க. கூடுற ஒன்றரை மில்லிமீட்டரை ஆறு ஸ்ட்ரிங்குக்கு நடுவுல இருக்குற அஞ்சு இடைவெளிக்குப் பிரிச்சா தலைக்கு 0.3 மில்லிமீட்டர், அதாவது உங்க மெல்லிசு ஸ்ட்ரிங்கோட தடிமன் அளவு. ஃபிங்கர்பிக்கிங் பண்றவங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி, ஆனா எஃப் கார்டு வலிக்கு மருந்து அது இல்ல. எனக்கு நட்டோட பள்ளம் மேலதான் சந்தேகம். மூணாவது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங்கை அமுக்கிட்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல எவ்ளோ இடைவெளி நிக்குதுன்னு பாருங்க. மயிரிழைதான் இருக்கணும், தட்டினா லேசா ‘டிக்’குன்னு கேக்கணும். விசிட்டிங் கார்டு சுளுவா உள்ள போகுதுன்னா பள்ளம் போதல, நீங்க ஒவ்வொரு தடவையும் அந்த உயரத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க. இங்கேயும் கேப்போ உதவும்: முதல் ஃப்ரெட்ல போட்டுட்டு அதே எஃப் வடிவத்தை அடுத்த ஃப்ரெட்ல பிடிங்க, டக்குன்னு லேசாயிடுச்சுன்னா குற்றவாளி நட்டுதான்.

தயவுசெஞ்சு நீங்களே அரத்தை எடுத்து உக்காராதீங்க. நான் உக்காந்தேன், ஜி ஸ்ட்ரிங் பள்ளம் ஒரு இழை கூடப் போயிடுச்சு, அதுக்கப்புறம் ஓப்பன்ல தட்டினாலே சிதார் மாதிரி ‘ஜ்ஜ்ஜ்’ங்குது, கடைசியில புது நட்டு வாங்கித்தான் போட்டேன். தெரிஞ்சவர்கிட்ட குடுங்க, அரை மணி நேர வேலை.

கேள்வி: பழைய ஸ்டைல் ஸ்ட்ராட்ல பெரிய பெண்ட் அடிச்சா மேல் ஃப்ரெட்டுங்கள்ல நோட்டு செத்துப்போகுதே, ஏன்?
- வாசகர், கோவை

பதில்: ஃபிங்கர்போர்டோட (ஃப்ரெட் பதிச்ச பலகை) வளைவு. பழைய ஸ்டைல்ல ரேடியஸ் 7.25 இன்ச், நல்லா உருண்டையா இருக்கும், கார்டு பிடிக்க சுகம், ஆனா ஆக்ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம்) ரொம்ப இறக்கி வச்சிருந்தா பெண்ட் பண்ற ஸ்ட்ரிங் நடு மேட்டுல ஏறி அடுத்த ஃப்ரெட்ல முட்டிக்கும். கிப்சன்ல 12 இன்ச், தட்டையா இருக்குறதால அந்தப் பாடு கம்மி. ஈ, பி ரெண்டோட சேடிலையும் கொஞ்சம் ஏத்திப் பாருங்க, சேடில் ஒரு மில்லிமீட்டர் ஏறினா 12-வது ஃப்ரெட்ல அரை மில்லிமீட்டர்தான் ஏறும், கைக்கு அவ்வளவா தெரியாது. அப்பவும் ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும் சாகுதுன்னா அந்த ஃப்ரெட்டுக்கு அடுத்து மேல இருக்குற ஏதோ ஒண்ணுதான் தூக்கிட்டு நிக்குது.