சோளக் கதிரில் மணி பிடிக்காதது ஏன்?

கேள்வி: அண்ணன் வவுனியாவில் சோளம் செய்கிறார். பழைய கலப்பின விதையை நெருக்கி நட்டால் மணியே இல்லாத செடிகள் வரும், புதியதில் அப்படியில்லை. ஏன்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒரு இளங்கதிரை உரித்துப் பாருங்கள். நுனியில் தொங்கும் மெல்லிய நூல்தான் பட்டு; ஒவ்வொரு பட்டிழையும் ஒரு மணிக்குரியது. அடிப்பக்க இழைகள் முதலில் வெளிவரும், நுனி இழைகள் கடைசியில். உணவு போதாவிட்டால் செடி முதலில் கைவிடுவது நுனி மணிகளைத்தான். காலிமுகத்திடலில் வாங்கும் அவித்த சோளத்திலும் இதைக் காணலாம்.

பட்டு வருவதற்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய இரண்டு வாரம் செடி வளரும் வேகமே மணி எண்ணிக்கையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நெருக்கத்தில் அந்த வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் மணி பிடிக்காது. அர்ஜென்டினாவில் 1965 முதல் 1993 வரை வெளியான கலப்பினங்களை ஒப்பிட்டபோது, மெதுவாக வளர்ந்த நிலையிலும் புதியவை கூடுதல் மணி பிடித்தன. என்னைக் கேட்டால், விளைச்சல் கூடியதில் இதுதான் பெரிய விஷயம்.

அதற்காக அண்ணன் தண்ணீரில் கைவைக்க வேண்டாம். பட்டு வரும் நேரத்தில் வாடினால் புதிய இனமும் தாங்காது, பட்டு தாமதித்துத்தான் வரும். மகரந்தம் கொட்டி முடிந்த பிறகு பட்டு வந்து என்ன பயன்? அப்புறம், கலப்பினத்தின் மணியை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கவும் வேண்டாம், விளைச்சல் இறங்கிவிடும்.