குழி வெட்டி பால் காளான்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பால் காளான் வளர்க்கப் பாதி தரைக்குள் இறங்கிய குடில் போட இருக்கிறோம். செம்மண் பூமி. உள்ளளவு 30 அடிக்கு 16 அடி வேண்டும். எவ்வளவு ஆழம் தோண்டலாம்? எப்படிக் கட்டுவது?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முதலில் கார்த்திகையில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். குழியின் அடிமட்டத்துக்கும் அந்த நீர்மட்டத்துக்கும் குறைந்தது 4 அடியாவது இடைவெளி வேண்டும். அது இருந்தால் 3 அடி ஆழம் போதும். இன்னும் ஆழமாகப் போனால் இன்னும் குளிர்ச்சி என்று நினைத்து 6 அடி, 7 அடி தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மண் அள்ளும் கூலிதான் கூடும். சமவெளியில் ஆழம் போகப்போக மண்ணின் வெப்பம் ஆண்டுச் சராசரியான 27, 28 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். பால் காளானுக்கு வேண்டியதோ 30 முதல் 35 டிகிரி. குழியால் கிடைக்கும் பெரிய லாபம் ஈரப்பதம். 80 முதல் 90 சதவீதத்தை அதிகத் தண்ணீர் செலவில்லாமல் பிடித்து வைக்கலாம். இரவு பகல் வெப்ப வித்தியாசமும் குறையும்.

உள்ளளவு 30க்கு 16 என்றால் வெளியே 34க்கு 20 தோண்ட வேண்டும். சுவருக்கு முக்கால் அடி, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப ஓரடி, பக்கத்துக்குப் பக்கம் போய்விடும். ஆழத்தை மூன்றரை அடியாக வெட்டுங்கள். தரைக்கு அரையடி போனால் நிகரம் 3 அடி. மொத்தம் 24 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வரும். வெட்டியதும் மண் உப்பி 28, 30 யூனிட் ஆகும். அதைக் குழி ஓரத்திலேயே குவிக்காதீர்கள். ஒரு மழையில் கரை சரியும்.

9 அங்குலச் செங்கல் சுவர், 1:5 சிமென்ட் கலவை. சுவர் தரைமட்டத்துக்கு மேல் ஓரடி எழும்ப வேண்டும். இந்த ஓரடியை மிச்சம் பிடித்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் நேராக உள்ளே வரும். சுவருக்குப் பின்புறம் முக்கால் ஜல்லி. அதன் அடியில் துளையிட்ட 3 அங்குல பி.வி.சி. குழாய். குழாய் வெளியே ஒரு தொட்டிக்குப் போய்ச் சேரட்டும். குடிலைச் சுற்றி ஓரடி அகல வாய்க்காலும் எடுங்கள்.

தரைக்குக் கான்கிரீட் வேண்டாம். 4 அங்குலம் ஜல்லி, மேலே 2 அங்குலம் மணல். மணலை நனைத்து வைத்தால் அதுவே ஈரப்பதம் தரும். நடைபாதையில் மட்டும் செங்கல் பரப்புங்கள். 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுத்து, மூலையில் 2 அடிச் சதுரக் குழியும் அரை எச்.பி. மோட்டாரும். 9 அங்குல உயரத்தில் 4 படிகள் வைத்தால் 3 அடி இறங்கிவிடலாம்.

கூரைக்கு ஓர் அங்குல ஜி.ஐ. குழாய். 20 அடிக் குழாய் ஒன்றை வளைத்து இரு சுவர்களிலும் நிறுத்தினால் நடுவில் நான்கரை அடி அளவுக்கு எழும்பும். 5 அடிக்கு ஒன்றாக 7 வளைவுகள். மேலே நீலநிற சில்பாலின் (பிளாஸ்டிக் விரிப்பு), 150 ஜி.எஸ்.எம்.முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராமுக்குக் குறையாமல், இரு பக்கமும் 2 அடி தொங்கும்படி. அந்த விளிம்பு வாய்க்காலுக்குள் விழ வேண்டும். சுவரின் தலையிலேயே முடிந்தால் வழிகிற மழைநீர் முழுவதும் சுவருக்குப் பின்னால் இறங்கும். சித்திரை வெயிலில் வெறும் சில்பாலின் அடுப்பாகிவிடும். அதற்கு மேல் 2 அடி இடைவெளி விட்டு 50 சதவீத நிழல்வலை கட்டாயம்.

கேள்வி: எங்களுடையது கரிசல். இரண்டு கோடையில் குழிச் சுவர் மூன்று இடத்தில் வெடித்துவிட்டது. பூசிப் பூசிப் பார்த்தாலும் நிற்கவில்லை.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: பூச்சில் குறையில்லை. கரிசல் மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கும். ஊதும்போது சுவரை உள்ளே தள்ளும், சுருங்கும்போது பிடிப்பே இல்லாமல் விட்டுவிடும். வெளிப்பக்கம் இரண்டடி அகலத்துக்குக் கரிசலை முழுவதும் அள்ளிவிட்டு, கிராவல் போட்டுத் திம்சு கட்டையால் அரையடி அரையடியாகக் கெட்டியாக்குங்கள். 8 அடிக்கு ஒரு கான்கிரீட் தூண், சுவர் தலையில் ஒரு பெல்ட். செலவு புதுச் சுவருக்கு நெருக்கமாக வரும். புதிதாகக் கட்டுகிறவர்கள் கரிசலில் ஒன்றரை அடிக்கு மேல் இறங்காமல், மிச்ச உயரத்தைத் தரைக்கு மேல் எடுப்பது நல்லது.

கேள்வி: டெல்டாவில் இதே குழி போடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது உங்கள் குழியும் குளமாகும். தரையிலேயே சுவர் எழுப்பி, வெளிப்பக்கம் 2 அடி உயரத்துக்கு மண் அணையுங்கள். குழியின் பலனில் பெரும்பகுதி இதிலேயே கிடைக்கும்.

கேள்வி: குழிக்குடிலில் காளானின் தண்டு 20 செ.மீ. வரை நீளுகிறது. குடை பட்டன் அளவுக்குத்தான் இருக்கிறது. சின்னச் சின்ன ஈயும் மொய்க்கிறது. சாளரம் மேலே இரண்டு வைத்திருக்கிறோம். வித்து சரியில்லையா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வித்தைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் சாளரம் இருக்கிற இடம்தான் தப்பு. காளானும் வைக்கோலும் விடும் கரியமில வாயு காற்றை விடக் கனமானது. குழிக்குள் அது அடியில் தேங்கும். மேலே இரண்டு சாளரம் என்ன, நாலு வைத்தாலும் அதை அசைக்காது. நீங்களே பார்த்திருப்பீர்கள்: மேல் தட்டில் இருக்கிற படுக்கையில் குடை ஓரளவு விரிந்தும், கீழ்த்தட்டில் தண்டு மட்டும் நீண்டும் இருக்கும். அப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கதவுக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து அரையடி உயரத்தில் வாய் வைத்து ஒரு செங்குத்துச் சந்து கட்டுங்கள். ஓரடிச் சதுரம் போதும். அதன் மேல்முனையில், தரைமட்டத்துக்கு மேலே, 12 அங்குல எக்ஸாஸ்ட் மின்விசிறி. 30க்கு 16 குடிலின் கொள்ளளவு 3,400 கன அடி அளவில் வரும். நிமிடத்துக்கு 600 கன அடி இழுக்கும் விசிறி என்றால் ஆறு நிமிடத்தில் ஒரு தடவை காற்று மாறும். மொட்டு வந்ததிலிருந்து அறுவடை முடியும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம், டைமர் வைத்து ஓட்டுங்கள். புதுக் காற்று கதவுப் பக்கம் உயரமான சாளரம் வழியாக வரட்டும். காற்று படுக்கையில் நேராக அடிக்கக் கூடாது. அடித்தால் மொட்டு பழுப்பேறிக் காய்ந்துவிடும்.

ஈக்கு: காற்று வரும் வழி எல்லாவற்றிலும் 40 மெஷ் வலை, இரட்டைக் கதவு, மஞ்சள் ஒட்டும் அட்டை. அறுத்த இடத்தில் தண்டின் துண்டு விட்டுவைக்காதீர்கள். ஈ முட்டையிடுவது அங்கேதான்.

இன்னொன்று. சில நாள் மூடிக்கிடந்த குழிக்குள் யாரும் தனியாக இறங்க வேண்டாம். 20 நிமிடம் விசிறி ஓடிய பிறகு, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டு இறங்குங்கள். விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். விளக்கு அணைவதற்கு முன்பே இந்த வாயு ஆளைக் கிறங்கடித்துவிடும். குழிக்குள் ஃபார்மலின் புகைமூட்டமும் கூடாது. சுவிட்ச் எல்லாம் வெளியே இருக்கட்டும். ஈரமான இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 30க்கு 16 குடிலில் எத்தனை படுக்கை வைக்கலாம்? மேல்மண் எவ்வளவு சேகரிக்க வேண்டும்?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: உங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் 1998இல் ஏபிகே 2 என்ற பால் காளான் ரகம் வெளிவந்தது, அதையே கணக்கில் வைத்துச் சொல்கிறோம்.

16 அடி அகலத்தை இப்படிப் பிரியுங்கள்: சுவர் ஓரம் ஓரடி, தட்டு 2 அடி, பாதை 3 அடி, நடுத்தட்டு 4 அடி, பாதை 3 அடி, தட்டு 2 அடி, ஓரம் ஓரடி. நடுத்தட்டை இரண்டு பாதையிலிருந்தும் எட்டலாம் என்பதால் 4 அடி தாங்கும். சுவரோரத் தட்டுக்கு 2 அடிக்கு மேல் போனால் கடைசி வரிசைக்குக் கை எட்டாது, அங்கே அழுகியதும் தெரியாது. தட்டின் நீளம் 26 அடி. ஒரு சதுர அடிக்கு ஒரு பாதிப் படுக்கை (வித்திட்ட வைக்கோல் பையைக் குறுக்கே வெட்டிய பாதி) என்றால் ஓர் அடுக்குக்கு 208. மூன்று அடுக்குக்கு 624, அதாவது 312 முழுப் படுக்கை. அடி அடுக்கில் நீல வெளிச்சம் குறையும். அங்கே ஈரம் தாங்கும் எல்.இ.டி. குழல்விளக்கு போடுங்கள்.

12க்கு 24 அங்குலப் பையில் காய்ந்த வைக்கோல் ஒரு கிலோ, ஈர எடையில் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, 4 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்தில் கட்டுங்கள். சொட்டினால் பச்சைப் பூசணம் வரும். வேக்காடு குறைந்தாலும் வரும். வித்து பரவும் இரண்டு வாரமும் படுக்கை குழிக்குடிலுக்குள் வரவே கூடாது. அதற்குத் தனிக் கீற்றுக்கொட்டகை, இருட்டாக.

பரவியதும் குறுக்கே இரண்டாக வெட்டி, 2 செ.மீ. கனத்துக்கு மேல்மண். தோட்டமண்ணில் கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறியபின் போட வேண்டும். பாதிப் படுக்கைக்கு 700 கிராம் பிடிக்கும். முழுக் குடிலுக்கு 440 கிலோ. பத்து நாளில் மொட்டு, அதிலிருந்து ஒரு வாரத்தில் அறுவடை. பிறகு மேல்மண்ணைக் கிளறி, லேசாக அமுக்கி, தண்ணீர் தெளித்தால் இன்னும் இரண்டு அறுப்பு வரும். காளானுக்கு எடை ஏற்றுவதாக நினைத்துத் தண்ணீரைக் கொட்டினால் மேல்மண் சேறாகி இறுகும், மொட்டு உள்ளேயே அழுகும். விசைத்தெளிப்பான் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை.

படுக்கை குடிலுக்குள் 35 நாள் இருக்கும். ஒரே நாளில் 312ஐயும் ஏற்றாமல் தினம் 9 படுக்கை ஏற்றி, பழையதை 9 இறக்குங்கள். படுக்கைக்கு ஒரு கிலோ எடுத்தாலும் தினம் 9 கிலோ. விற்க ஆள் தேடி ஓட வேண்டியதில்லை.

கேள்வி: பொலிவியாவில் குழிக்குள் காய்கறி வளர்க்கிறார்களாமே, வலிப்பினி என்று. நம் ஊரில் அதே குழியில் கீரை போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: அது ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்து ஆல்டிபிளானோ பீடபூமிக்காகச் செய்த ஏற்பாடு. பகலில் சுவர் வாங்கிய சூட்டை உறைபனி இரவில் செடிக்குத் திருப்பிக் கொடுக்கும். சேலத்தில் கீரைக்குச் சூடு சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. குழிக்குள் வெயிலும் குறையும், வேரழுகல்தான் மிஞ்சும். மேட்டுப்பாத்தியும் நிழல்வலையும் போதும்.

கேள்வி: குழிக்குடிலில் மொட்டுக் காளான் வருமா? மார்கழியில் என்ன செய்வது?
– வாசகி, திருப்பத்தூர்

பதில்: மொட்டுக் காளான் (பட்டன் காளான்) தலை காட்ட 14 முதல் 18 டிகிரி வேண்டும். குழி தோண்டி அந்தக் குளிர் வராது. மார்கழி, தையில் பால் காளான் மந்தமாகும். பாதிக் குடிலில் சிப்பிக் காளான் தொங்கவிடுங்கள். ஆனால் கரியமில வாயுவை அது இன்னும் தாங்காது, விசிறியை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்ட வேண்டியிருக்கும்.