சாமுராய்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சார், ஒரே ஒருவரைத்தான் சொல்லலாம் என்றால் வரலாற்றில் உங்களுக்குப் பிடித்த சாமுராய் யார்? வாள்வீரர் முசாஷிதானே?

இல்லை, சனடா நோபுஷிகே. கேம்களில் 'சனடா யுகிமுரா' என்று பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் பின்னால் வந்த கதைகள் சூட்டியது. அவர் தன் கடிதங்களில் நோபுஷிகே என்றுதான் கையெழுத்திட்டார்.

1600இல் செகிகஹாராவில் ஜப்பானே இரண்டாகப் பிரிந்து மோதியபோது அவரும் அப்பாவும் ஒரு பக்கம், அண்ணன் எதிர்ப்பக்கம். அண்ணன் இருந்த பக்கம் ஜெயித்தது. அவர் மன்றாடியதால் அப்பாவுக்கும் தம்பிக்கும் உயிர் மிஞ்சியது. ஆனால் இருவரையும் குடோயாமா என்ற மலையூருக்கு அனுப்பிவிட்டார்கள். சுமார் 14 ஆண்டுகள் அங்கேதான். அப்பா அங்கேயே இறந்துபோனார். அந்தக் காலத்தில் நோபுஷிகே எழுதிய கடிதங்கள் சில கிடைத்திருக்கின்றன. ஒன்றில் ஷோச்சு என்ற சாராயம் அனுப்பச் சொல்லி, ஜாடியின் வாயை நன்றாக அடைத்து அனுப்புங்கள் என்று கேட்கிறார். இன்னொன்றில் அக்காள் கணவருக்கு எழுதுகிறார்: திடீரென்று வயதாகிவிட்டது, பல் விழுந்துவிட்டது, தாடியில் கறுப்பே அதிகம் இல்லை.

இந்தப் பல் விழுந்த மனிதர்தான் 1614இல் அங்கிருந்து தப்பி ஒசாகா கோட்டைக்குப் போகிறார். கோட்டையின் தெற்குப் பக்கம்தான் பலவீனம் என்று கண்டு அங்கே ஒரு மண்கோட்டை எழுப்புகிறார். மோதிய படைகள் அதன் முன்னால் குவியலாக விழுந்தன. மறு வருடக் கோடையில், தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே எதிரணித் தலைவர் டொகுகவா இயெயாசுவின் பாசறைக்குள் நேராகப் பாய்ந்தார். இயெயாசுவின் கொடியே அன்று சாய்ந்தது. கடைசியில் களைத்துப்போய் ஒரு கோயிலருகே உட்கார்ந்திருந்தபோது கொல்லப்பட்டார். அவர் குடும்பச் சின்னம் ஆறு காசுகள். செத்தவர் மறுஉலக ஆற்றைக் கடக்கக் கொடுக்கும் படகுக் கூலி அது. கூலியைக் கையில் வைத்துக்கொண்டே போருக்குப் போகிற குடும்பம்.

கோஜிரோவுடன் சண்டைக்கு முசாஷி வேண்டுமென்றே தாமதமாகப் போனாராமே, அண்ணா? அது சரியா?

1612இல் ஷிமோனோசெகி அருகே ஒரு குட்டித் தீவில் நடந்ததாகச் சொல்லப்படும் சண்டை அது. எதிராளியை வெயிலில் காக்கவைத்தார், துடுப்பைச் செதுக்கி மரவாள் செய்துகொண்டு வந்தார் என்பதெல்லாம் பிற்காலத்தில் ஏறியவை. முசாஷி இறந்து ஒன்பது வருடம் கழித்து, 1654இல், அவர் வளர்ப்பு மகன் இயோரி கொக்குராவில் ஒரு கல்வெட்டு நட்டார். அதன்படி இருவரும் ஒரே நேரத்தில்தான் வந்தார்கள். மரவாள் உண்டு, ஒரே அடியில் முடிந்ததும் உண்டு. தாமதம் இல்லை. முசாஷி தானே எழுதிய 'ஐந்து வளையங்களின் நூல்' கோஜிரோவின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. பதின்மூன்று வயது தொடங்கி அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகள், ஒன்றிலும் தோற்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

தாமதமாக வந்த முசாஷியைத்தான் எல்லாருக்கும் பிடிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நல்ல கதைதான். கதை என்று தெரிந்து ரசியுங்கள்.

சாமுராய் என்றாலே வாள்தானே?

வெகுகாலம் வில்லும் குதிரையும்தான். அவர்கள் வாழ்முறைக்குப் பழைய பெயரே 'வில்–குதிரை வழி'. 1543இல் தனேகாஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்தபின் போர்க்களமே மாறியது. வாளுக்கு இவ்வளவு மகிமை கூடியது பெரும்பாலும் டொகுகவா குடும்பம் ஆண்ட அமைதியான எடோ காலத்தில்.

பெண் சாமுராய்கள் நிஜமாகவே இருந்தார்களா, மேடம் ஒருவர் இல்லவே இல்லை என்கிறார்.

அவர் ஒரு விதத்தில் சரி. எல்லாரும் சொல்லும் தோமோயே கோசென் 'ஹெய்க்கே கதை' என்ற பழைய போர்க்கதையில்தான் வருகிறார். அவர் வாழ்ந்ததற்கு வேறு உறுதியான சான்று இல்லை. ஆனால் அந்தக் காட்சியைப் படித்தால் மறக்க முடியாது. 1184, அவாசு. தலைவன் யோஷினாக்கா தோற்றுக்கொண்டிருக்கிறான். சாகும்போது பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள் என்றால் எனக்கு இழுக்கு, போய்விடு என்கிறான். அவள் உடனே போவதில்லை. தகுந்த எதிரி ஒருவன் வரட்டும் என்று நிற்கிறாள். முப்பது குதிரை வீரர்களுடன் ஒருவன் வர, நடுவில் புகுந்து அவனை இழுத்துத் தன் சேணத்தோடு அழுத்தித் தலையை அறுத்து எறிகிறாள். அப்புறம்தான் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கிழக்கே போகிறாள்.

ஐயமே இல்லாத ஒருவர் வேண்டுமென்றால் நக்கானோ தக்கேகோ. 1868, ஐசு நகர முற்றுகை. நாகினாட்டா என்ற நீளக் காம்புள்ள வெட்டீட்டியுடன் துப்பாக்கிப் படைக்கு எதிராகப் போனார். வயது இருபதைத் தொட்டுக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. குண்டு பட்டதும், தன் தலை எதிரியிடம் சிக்கக் கூடாது, வெட்டி எடுத்துப் போய்விடு என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டார். அந்தத் தலை ஹோக்காய்ஜி கோயிலில் புதைக்கப்பட்டிருக்கிறது.

யாசுக்கே சாமுராயா இல்லையா? இதற்கு ஒரு முடிவு சொல்லுங்கள்.

ஏட்டில் இருப்பதைச் சொல்கிறேன். 1579இல் யேசு சபைப் பாதிரியார் வாலிஞ்ஞானோவுடன் ஜப்பான் வந்த ஆப்பிரிக்கர். 1581இல் போர்த்தலைவன் ஓடா நோபுனாகா அவரைப் பார்த்துவிட்டு, தோலில் மை பூசியிருக்கிறதோ என்று கழுவச் சொன்னான். பிறகு தன்னிடமே வைத்துக்கொண்டு வீடு, சம்பளம், குறுவாள் கொடுத்தான். 1582இல் நோபுனாகா துரோகத்தால் செத்த நாளில் யாசுக்கே தப்பி ஓடவில்லை. அவன் மகனிடம் போய்ச் சேர்ந்து சண்டையிட்டார். அந்தக் காலத்தில் 'சாமுராய்' இன்னும் பிறப்பால் பூட்டப்பட்ட சாதியாகவில்லை. சம்பளமும் ஆயுதமும் வாங்கித் தலைவனுக்காகக் கடைசிவரை நின்றவரை நான் சாமுராய் என்றே சொல்வேன்.

47 ரோனின்கள் உங்களுக்குப் பிடிக்காது என்று ஒருமுறை சொன்னீர்களே, ஏன்?

பிடிக்காது என்றில்லை, சங்கடமாக இருக்கும். ரோனின் என்றால் தலைவனை இழந்த சாமுராய். 1701இல் எடோ கோட்டைக்குள் கீரா என்ற அதிகாரியை வெட்டப்போனதற்காக அவர்கள் பிரபு அசானோ அன்றே செப்புக்கு செய்து, அதாவது தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு, சாக வேண்டியதாயிற்று. அதற்குப் பழிவாங்க அந்த 47 பேரும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் காத்திருந்து, பனி நாளின் இரவில் கீராவின் வீட்டில் புகுந்தார்கள். படுக்கை சூடாக இருக்கிறது, ஆளைக் காணோம். கடைசியில் கரி போட்டுவைக்கும் அறையில் ஒளிந்திருந்த அந்தக் கிழவரைக் கண்டுபிடித்தார்கள். என் மனம் எப்போதும் அந்தக் கரி அறையிலேயே நின்றுவிடுகிறது.

அந்தக் காலத்திலேயே சாமுராய் நெறி பற்றிய 'ஹகாகுரே' நூலின் யாமாமோட்டோ சுனேதோமோ வேறு காரணத்துக்காகக் குறை சொன்னார்: இவ்வளவு நாள் காத்திருக்கையில் கீரா நோயில் செத்திருந்தால் என்ன ஆவது?

கதையில் பிடித்தவர் யார், சார்?

யோசிக்கவே மாட்டேன். குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்தில் வரும் கம்பேய். ஒரு திருடன் குழந்தையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் ஒளிந்திருக்கிறான். கம்பேய் ஓடைக்கரையில் உட்கார்ந்து ஒரு துறவியிடம் தலையை மழிக்கக் கொடுக்கிறார். குடுமி சாமுராயின் மானம். குடுமி போவதென்றால் என்ன என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். ஊரே வாய் பிளந்து பார்க்கிறது. அவர் துறவியின் அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு சோற்று உருண்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். குழந்தை பிழைக்கிறது. அது அவருக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை.

பிறகு படம் முழுக்க யோசிக்கும்போதெல்லாம் அந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருப்பார். அடுத்த முறை பார்க்கும்போது அந்தக் கையைக் கவனியுங்கள்.

ரூரோனி கென்ஷின் நிஜ மனிதரா, அண்ணா? தங்கை கேட்கச் சொன்னாள்.

ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றின் நாயகன், கற்பனைதான். ஆனால் கவாகாமி கென்சாய் என்ற நிஜக் கொலையாளியைப் பார்த்து ஓரளவு உருவாக்கியது. சிறிய உருவம், பெண் போன்ற தோற்றம் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தங்கையிடம் சொல்லுங்கள், வெட்டும் பக்கத்தைப் பின்புறமாகத் திருப்பிய வாள் மட்டும் முழுக்க ஆசிரியரின் கற்பனை.

முசாஷியை ஏன் முதலில் தள்ளிவிட்டீர்கள்? வருத்தமாக இருக்கிறது.

தள்ளவில்லை. எனக்குப் பிடித்த முசாஷி வேறு. அவர் வரைந்த ஒரு மை ஓவியம் இருக்கிறது. மேலே நோக்கி நீண்ட ஒரு காய்ந்த கொம்பு, ஒரே இழுப்பில் போட்டது. உச்சியில் ஒரு கீச்சான் குருவி உட்கார்ந்திருக்கிறது. கொம்பின் நடுவில் ஒரு புழு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கீச்சான் புழுவைத் தின்னும் பறவை. அது இன்னும் கீழே பார்க்கவில்லை.