கல்வெட்டில் ஓர் அரசன் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

அப்படியே எடுக்க முடியாது. ஆனால் கல்வெட்டு இல்லாமலும் முடியாது. நீங்கள் உயர்தரத்துக்கு வரலாறு படிப்பவர் என்று நினைத்து எழுதுகிறேன்.

நான் இலங்கையின் அம்பாறை மாவட்டத்து அக்கரைப்பற்றுப் பக்கம் வரலாறு படிப்பிக்கிறேன். ஒரு கோயில் திருவிழாவில் பேச வந்தவர், “முதலாம் பராந்தகன் ஈழத்தைப் பிடித்தான், கல்லிலேயே வெட்டியிருக்கிறது, கல் பொய் சொல்லுமா?” என்று முழங்கினார். நான் எழும்பி, ‘மதுரையும் ஈழமும் கொண்ட கோப்பரகேசரி’ என்பது சோழ அரசனான பராந்தகன் தானே போட்டுக்கொண்ட பட்டம், ஈழத்தில் நடந்ததற்கு அது மட்டும் சாட்சியாகாது என்றேன். “சேர், நீங்க யார் பக்கம்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. அன்று சொல்ல நினைத்ததை இங்கே சொல்கிறேன்.

பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் இராஜசிம்மன் ஈழத்துக்கு வந்து உதவி கேட்டான். அது சரிவராமல் போக, தன் முடியை இங்கேயே விட்டுவிட்டுச் சேரநாடு போனான். பிறகு அந்த முடிக்காகப் பராந்தகன் படை அனுப்பினான். அப்போதைய இலங்கை அரசன் நான்காம் உதயன் முடியை எடுத்துக்கொண்டு உருகுணைக்குப் போய்விட்டான், சோழப் படை அதற்குள் நுழைய முடியாமல் திரும்பியது என்கிறது, இலங்கை அரசர்களைப் பற்றிப் பௌத்த பிக்குமார் எழுதிய சூளவம்சம் என்ற நூல். உருகுணை எங்கோ இல்லை, இன்றைய அம்பாறை மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள்தான் இருந்தது.

“பிக்குமார் எழுதியதை நம்புவீர்கள், சோழன் கல்லை நம்பமாட்டீர்களா?” என்று சிலர் வருவார்கள். சரி, சூளவம்சத்தை ஒதுக்கி வையுங்கள். சோழர் கல்லையே பார்ப்போம். ‘திருமன்னி வளர’ என்று தொடங்கும் இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழும் பகுதி, அவன் ஈழத்தில் எடுத்தவற்றை வரிசையாகச் சொல்கிறது. ஈழத்தரசர் முடி, அவர்களின் தேவியர் முடி, அப்புறம் ‘முன்னவர் பக்கல் தென்னவன் வைத்த சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்’. தென்னவன் பாண்டியன். அதாவது பராந்தகன் தேடிய அதே முடி, அவன் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலான பிறகும் ஈழத்தில்தான் இருந்திருக்கிறது. இதைச் சொல்வது எதிரி அல்ல, அவன் வம்சத்திலேயே வந்த பேரரசன்!

ஆகவே பராந்தகனின் பட்டத்தை மட்டும் வைத்து அவன் ஈழத்தைப் பிடித்தான் என்று எழுத முடியாது. இராஜேந்திரனின் கூற்று அப்படியில்லை. 1017 அளவில் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டதையும் முடி பறிபோனதையும் தோற்ற தரப்பின் சூளவம்சமே ஒத்துக்கொள்கிறது. அதை நடந்தது என்று தயங்காமல் எழுதலாம். சோழரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள். இராஜேந்திரனின் வெற்றி எனக்கும் பெருமைதான். இப்படி உரசிப் பார்த்தும் நிற்கிறதே, அதனால்தான் கூடுதல் பெருமை.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாமல் போவதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பல பாடசாலைகளில் யாருக்குப் பாடவேளை குறைவோ அவர் தலையில் வரலாற்றைக் கட்டிவிடுகிறார்கள். விஞ்ஞானத்துக்கு அப்படிச் செய்வார்களா? எங்கள் பக்கத்துத் திருக்கோவில் என்ற ஊரில் விஜயபாகு என்ற அரசன் பெயரோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதில் வரும் ஸ்ரீ சங்கபோதி என்ற பட்டம் பல அரசர்களுக்கு இருந்ததால், இது எந்த விஜயபாகு என்று கேட்கவே ஒரு முழுப் பாடவேளை வேண்டும். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையாவது அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்று அதிபர்மாரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.