விளக்கேற்றும் வீட்டில் ஆக்சிஜன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜெர்மனியில் தோல் வியாபாரம் செய்யும் என் அண்ணனுக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். வீட்டிலேயே திரவ ஆக்சிஜன் தொட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடக்கவிருப்பதால், மூன்று மாதம் உடனிருக்க நான் போகிறேன். பெரிய தொட்டியிலிருந்து, தோளில் மாட்டிக்கொள்ளும் சிறிய கலத்தை நான்தான் நிரப்ப வேண்டுமாம். நினைத்தாலே கை நடுங்குகிறது. என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?
– வாசகி, ஆம்பூர்

பதில்: சகோதரிக்கு வணக்கம். பயம் இருப்பது நல்லதுதான். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டால் கை நடுக்கம் நின்றுவிடும். அந்தத் தொட்டிக்குள் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே ஆக்சிஜன்தான். மைனஸ் 183 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைக்கும்போது அது வெளிர்நீலத் திரவமாகிறது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாகப் பெருகும். முப்பது லிட்டர் திரவம் உள்ள தொட்டி, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் இரவும் பகலும் ஓடினால், கணக்குப்படி சுமார் 9 நாள் வரும். பயன்படுத்தாத நேரத்திலும் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருப்பதால், நடைமுறையில் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். அவ்வப்போது 'உஸ்' என்று கேட்கும் மெல்லிய சத்தம் அந்த ஆவி வெளியேறுவதுதான். சத்தம் கேட்கிறதே என்று எந்தத் துளையையும் அடைக்கவோ, துணி போட்டு மூடவோ கூடாது. தொட்டி எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அலமாரிக்குள்ளோ, கட்டிலுக்கு அடியிலோ, காற்றுப் புகாத சிற்றறையிலோ வைக்கக் கூடாது.

நிரப்புவதைப் பொறுத்தவரை, நான் பார்த்தவரையில் தவறுகள் பெரும்பாலும் ஈரத்தால்தான் நேர்கின்றன. பெரிய தொட்டியின் இணைப்பு முனையையும் சிறிய கலத்தின் இணைப்பு முனையையும், பஞ்சு பிரியாத, உலர்ந்த, சுத்தமான துணியால் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட வேண்டும். ஒரு துளி நீர் ஒட்டியிருந்தாலும் அந்தக் குளிரில் நொடியில் பனிக்கட்டியாகி வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, கலத்தைப் பொருத்தி, அதன் வால்வைத் திறந்தால் சீறும் சத்தம் கேட்கும். இணைப்பைச் சுற்றி வெண்பனி படரும். சத்தம் மாறி, வெண்ணிறப் புகையோடு திரவத் துளிகள் தெறிக்கத் தொடங்கினால் கலம் நிறைந்துவிட்டது என்று அறிந்து வால்வை மூட வேண்டும். அப்போது கலம் கழலாமல் உறைந்து நின்றால் இழுக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். சில நிமிடம் விட்டால் பனி தானாகவே உருகி விடும். கழற்றிய பிறகும் திரவம் நிற்காமல் வெளியேறினால், அதை அடக்க முயலாமல் சன்னல்களைத் திறந்துவிட்டு, அண்ணனை வெளியே அழைத்துச் சென்று, தொட்டி கொடுத்த நிறுவனத்தை அழையுங்கள். திரவம் சிந்திய மரத்தரையிலோ கம்பளத்திலோ கால் வைக்கக் கூடாது. ஆக்சிஜன் ஊறிய பொருள் ஒரு மிதியிலேயே தீப்பற்றக்கூடும்.

திரவம் தோலில் பட்டால் தீக்காயம் போலவே புண்ணாகும். தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள். உடையில் சிந்தியிருந்தால் உடனே மாற்றிக்கொண்டு, அந்த உடையை வெளிக்காற்றில் போடுங்கள். குறைந்தது அரை மணி நேரம் அடுப்பின் பக்கமே போகாதீர்கள். சேலைத் தலைப்பு அந்தக் குளிர்ந்த முனையில் உரசாதபடி இழுத்துச் செருகிக்கொண்டு நிரப்புங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: நாற்பது ஆண்டு பீடி சுற்றிய என் தந்தைக்கு நாள்தோறும் 15 மணி நேரம், 2 லிட்டர் வீதம் ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூடத்தில் கான்சன்ட்ரேட்டரும் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி), மின்வெட்டுக்காக ஒரு பி டைப் சிலிண்டரும் இருக்கின்றன. அதே கூடத்தில்தான் பூஜை மாடம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடலாமா? சிலிண்டர் வால்வு இறுகியிருந்ததால் மைத்துனர் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்; அது தவறா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது காத்திருக்காது. அந்தச் சிலிண்டரைத் திறக்கவே திறக்காதீர்கள். நிறைந்த சிலிண்டருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் இருக்கும். வால்வைத் திறந்ததும் அந்த வேகத்தில் எழும் சூடே, தீக்குச்சி இல்லாமலே எண்ணெயைப் பற்றவைக்கப் போதுமானது. நடந்ததைச் சொல்லி, சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மைத்துனரைக் கடிந்துகொள்ள வேண்டாம். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கை அது. தந்தையின் மூக்கு வறண்டால் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவாமல், நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் அது சற்றே கூடினாலும், மெதுவாகப் புகைய வேண்டிய துணி குபீரென்று எரியும். போர்வையிலும் தலையணையிலும் அது தங்கிவிடும் என்பதால், மூக்குக் குழாயைக் கழற்றிக் கட்டிலில் போடும்போது இயந்திரத்தையும் நிறுத்திவிட வேண்டும். பூஜை மாடத்தை வேறு அறைக்கு மாற்றுங்கள்; முடியாவிட்டால் தந்தையையும் கருவிகளையும் மாற்றுங்கள். ஆக்சிஜனுக்கும், விளக்கு, அடுப்பு போன்ற நெருப்புக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவை நெருப்புக்காக மட்டுமின்றிப் புகைக்காகவும் அந்த வீட்டில் வேண்டாம். நலம் விசாரிக்க வருபவர் திண்ணையில் அமர்ந்து பீடி பற்றவைத்தாலும், உறவாயிற்றே என்று பார்க்காமல் தெருவுக்குப் போகச் சொல்லுங்கள்.

நிறைந்த பி டைப் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் வரும். சித்திரை வெயிலில் கரண்ட் போகும் நம் பக்கத்துக்கு, அது நிறைந்திருக்கிறதா என்பதை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். அது சாயாதபடி சுவரோடு சங்கிலியால் கட்டியிருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறது என்று நீங்களாகவே அளவைக் கூட்டாதீர்கள். புகையிலையால் கெட்ட நுரையீரலுக்கு ஆக்சிஜன் மிகுந்தால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, பேசும்போதே தூங்கி விழுதல், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை தெரிந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஆக்சிஜனுக்கு ஈரம் சேர்க்க, அது குமிழியிட்டுச் செல்லும் பாட்டிலில் போர் தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: கூடாது, அம்மா. உப்புப் படிந்து துளை அடைபடும், கிருமியும் வளரும். காய்ச்சி வடித்த நீரையோ, நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீரையோ கோடு வரை ஊற்றி, நாள்தோறும் மாற்றுங்கள். பாட்டிலைச் சோப்பு நீரில் கழுவிக் கவிழ்த்து உலர்த்துங்கள். ஆக்சிஜன் அளவு குறைவாக வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாட்டிலே தேவைப்படாமல் இருக்கலாம். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.