தோட்ட ஓரப் பாத்தியில் நீண்ட நாள் பூத்து, தேனீக்களும் தேடி வரும் பல்லாண்டுச் செடிகள் எவை?

சால்வியா, நெப்பெட்டா, எக்கினேசியா. இந்த மூன்றில் தொடங்குங்கள். வகைக்கு ஒன்று போதாது. ஒரே வகையில் மூன்று, ஐந்து என்று சேர்த்து நடுங்கள். ஒரு தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும், கூட்டமாக இருந்தால் அதற்கு அலைச்சல் மிச்சம்.

அடுக்கு இதழ்ப் பூக்கள் வேண்டாம். அவற்றில் மகரந்தத் தாள்களே பெரும்பாலும் இதழ்களாக மாறியிருக்கும். கண்ணுக்கு அழகு, தேனீக்குப் பட்டினி.

பூக்காலத்தை நீட்டுவது கத்தரிப்புதான். நெப்பெட்டாவின் முதல் பூக்கள் வாடியதும் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், சில வாரங்களில் மறுபடி பூக்கும். சால்வியாவுக்கு வாடிய கதிர்களை மட்டும் நறுக்கினால் போதும். அப்புறம், தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள்; இலைதான் மண்டும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது.