செஷன் குப்பையை யார் பெருக்குவது? – கேள்வி பதில்

உபுண்டு சர்வரில் பாதி டிஸ்க் காலியாக இருக்கிறது. ஆனாலும் 'இடமில்லை' என்று பிஎச்பி பிழை வருகிறது, யாராலும் லாகின் செய்ய முடியவில்லை.

டிஎஃப் கட்டளையோடு '-ஐ' சேர்த்து (df -i) ஓட்டுங்கள். ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க் ஒதுக்கும் பதிவு) 100% என்று காட்டினால் காரணம் அதுதான். லாகின் செய்தவரை நினைவில் வைக்க பிஎச்பி எழுதும் செஷன் ஃபைல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கென்று ஓர் ஐநோடு வேண்டும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் அமைப்பில் அந்த எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது.

ஃபைல்கள் ஏன் சேர்ந்தன என்பதுதான் முக்கியம். பிஎச்பி தானாகச் சுத்தம் செய்வது குலுக்கல் முறையில்: செஷன் தொடங்கும்போதெல்லாம் 100-க்கு 1 வாய்ப்பு. சீட்டு விழுந்தால், 1440 வினாடியாக மாறாமல் கிடக்கும் ஃபைல்கள் அழியும். டெபியனும் உபுண்டுவும் அந்த வாய்ப்பை 0 ஆக்கி வைத்திருக்கின்றன. அங்கே செஷன் ஃபோல்டரின் அனுமதி 1733. வெப் சர்வர் அதில் எழுதலாம், பட்டியல் எடுக்க முடியாது. அதனால் ரூட் உரிமையோடு ஒரு ஸ்கிரிப்ட் அரை மணிக்கொரு முறை வந்து பெருக்குகிறது. அந்த ஸ்கிரிப்ட் பார்ப்பது பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்பு ஃபைலில் எழுதிய பாதையை மட்டும்தான். கோடில் பாதையை மாற்றிச் சொந்த ஃபோல்டர் வைத்தீர்களானால், அங்கே பெருக்க ஆள் கிடையாது. செஷனை எங்கே வைப்பது என்று மாற்றும் முன், அங்கே யார் சுத்தம் செய்வார்கள் என்று பாருங்கள்.

இப்போதைக்கு ஃபைண்ட் கட்டளையில் '-எம்மின்', '-டெலீட்' (-mmin, -delete) போட்டுப் பழையதை அழியுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பிஎச்பியின் 1440 வினாடிக் கணக்கு, '-எம்மின்' நிமிடக் கணக்கு. அதே எண்ணை அப்படியே போட்டால் கடந்த ஒரு நாளின் ஃபைல்கள் எல்லாம் தங்கிவிடும். அப்புறம், அந்த ஃபோல்டருக்கு ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டுவிடுங்கள்.

ஆர்எம் கொடுத்து ஃபோல்டரையே காலி செய்தால் என்ன?

கூடாது. லாகினில் இருப்பவர்கள் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், பாதி நிரப்பிய படிவமும் போகும். பழையதை மட்டும் அழியுங்கள்.

பயனர்கள் 50 பேர்தான். செஷன் மட்டும் ஆயிரக்கணக்கில் சேருகிறதே?

லோடு பேலன்சர் (சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது), சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்கில் எந்தப் பக்கத்தைத் தட்டுகிறது என்று பாருங்கள். அது குக்கியைத் திருப்பி அனுப்பாது, அதனால் தட்டும்போதெல்லாம் புது செஷன்தான். 10 வினாடிக்கு ஒரு முறை தட்டினால் நாளுக்கு 8640 புது செஷன். தேடுபொறி பாட்களும் அப்படித்தான். செஷன் தொடங்காத ஒரு தனிப் பக்கத்தை ஹெல்த் செக்குக்குக் கொடுங்கள்.

ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) செஷன் டேபிள் பெருத்துக்கொண்டே போகிறது.

ஜாங்கோ தானாக அழிக்காது. 'கிளியர்செஷன்ஸ்' கட்டளையை தினம் கிரானில் ஓட்டுங்கள். டேபிள் ஏற்கெனவே மிகப் பெரிதென்றால் முதல் முறை கையால், சில ஆயிரம் வரிகளாகப் பிரித்து அழியுங்கள். ஒரே டெலீட்டில் போனால் ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல் சர்வர்) பின்தங்கும். மைஎஸ்க்யூஎல்-இல் அழித்த பிறகும் ஃபைல் அளவு குறையாது. அந்த இடத்தைப் புது வரிகள் எடுத்துக்கொள்ளும், பதற வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு? ஜேடபிள்யூடி (சர்வர் கையெழுத்திட்டு பிரவுசரிடம் தரும் டோக்கன்) போட்டால் சர்வரில் எதுவும் சேராதே!

லாக்அவுட் எப்படிச் செய்வீர்கள்?

பிரவுசரில் டோக்கனை அழித்தால் போதுமே.

உங்கள் பிரவுசரில் அழியும். திருடியவரிடம் இருக்கும் நகல் காலாவதி நேரம் வரை செல்லும். ஒருவரை வேலையிலிருந்து நீக்கினீர்கள், அவர் கணக்கை உடனே முடக்க வேண்டும். கையெழுத்து சரியாக இருக்கும் டோக்கனை எப்படி மறுப்பீர்கள்?

தடைப்பட்டியல் வைப்போம். ஆயுளையும் 15 நிமிடமாக்குவோம்.

சரி, வையுங்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு டோக்கனும் காலாவதியாகும் வரை இருக்க வேண்டும், பிறகு அழிய வேண்டும். 15 நிமிட ஆயுள் என்றால் புது டோக்கன் வாங்கித் தரும் ரெஃப்ரெஷ் டோக்கனும் வரும், அதற்கும் ஒரு டேபிள் வரும். இரண்டையும் சுத்தம் செய்ய கிரான் வேண்டும். பல சர்வீஸ்கள் ஒரே அடையாளத்தைச் சரிபார்க்க ஜேடபிள்யூடி நல்ல கருவிதான், அதை மறுக்கவில்லை. சுத்தம் செய்யும் வேலையிலிருந்து தப்பிக்க அதை எடுத்தால், அதே வேலை வேறு டேபிளில் வந்து நிற்கும்.

எனக்கும் உபுண்டுவில் ஐநோடு தீர்ந்துவிட்டது...

முதல் பதிலைப் படியுங்கள்.

குரோமில் குக்கியை அழிப்பது எப்படி?

பிரவுசர் செட்டிங்ஸில் இருக்கிறது. இங்கே பேசுவது சர்வர் பக்கம்.

செஷனை ரெடிஸில் (நினைவகத்தில் தரவை வைக்கும் டேட்டாபேஸ்) வைத்தால்?

ஒவ்வொரு கீக்கும் ஆயுள் வைத்திருந்தால் ரெடிஸே அழித்துவிடும். மீதி ஆயுளைச் சொல்லும் டிடிஎல் கட்டளை -1 என்று காட்டினால் அந்த கீக்கு ஆயுளே இல்லை, அது நிரந்தரமாகத் தங்கும்.

பிஎச்பியின் மேக்ஸ்லைஃப்டைமை (மேலே 1440 வினாடி என்று சொன்ன எண்) 30 நிமிடம் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்தும் லாகினிலேயே இருக்கிறேன்.

அந்த எண் லாகின் கெடு அல்ல. அழிக்கத் தகுதி எப்போது வரும் என்பது மட்டுமே அது. சுத்தம் ஓடும் வரை ஃபைல் இருக்கும், ஃபைல் இருக்கும் வரை பிஎச்பி அதைத் திறந்துவிடும். வங்கி, மருத்துவம் மாதிரி இடங்களில் இதை நம்பி விடாதீர்கள். கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தை செஷனுக்குள்ளேயே எழுதி, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் ஒப்பிடுங்கள். கெடு தாண்டியிருந்தால் செஷனை அழித்து, குக்கியையும் காலாவதியாக்கி, லாகின் பக்கத்துக்கு அனுப்புங்கள்.